மிச்சம் பிடித்த குற்றம்

எங்கள் வீட்டில் கவர் முறை வந்ததற்கு நான்தான் காரணம். கல்யாணமான புதிதில் அவருடைய சம்பளப் பணம் பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் கிடக்கும். தேவைப்படும்போது எடுப்போம். இருபதாம் தேதிக்கு மேல் இரண்டு பேருக்கும் பீரோவைத் திறக்கவே பயமாக இருக்கும். இதற்கு ஏதாவது ஒரு வழி பண்ணுங்கள் என்று மூன்றாவது மாதம் வாயைத் திறந்து சொன்னேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

என் கணவருக்குத் தருமபுரியில் ஓர் அரசு அலுவலகத்தில், கணக்குப் பிரிவில் வேலை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு அறை உள்ள வாடகை வீட்டில் இருந்தோம். நான் சொன்ன மறுநாள் சாயங்காலம் ஆபீசில் இருந்து ஒரு கட்டு பழைய பழுப்புக் கவர்களைக் கொண்டுவந்தார். தபாலில் வந்து கிழித்துப் போட்ட கவர்கள். ஓரத்தைப் பக்குவமாகப் பிரித்து, உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி, மறுபடி ஒட்டினார். மைதாப் பசை காய்ச்சிக் கொடுத்தது நான். வீட்டு விஷயத்தில் இவ்வளவு அக்கறை உள்ள மனுஷன் கிடைத்தாரே என்று அப்போது எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

மொத்தம் பன்னிரண்டு கவர். வாடகை, அரிசி, சமையல், பால், மண்ணெண்ணெய், கரண்ட், பஸ், வைத்தியம், துணி, டைப், மொய், பொது. ஒவ்வொன்றின் மேலும் ஆபீஸ் கையெழுத்தில் குண்டு குண்டாகப் பெயர் எழுதினார். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு தாளைக் குண்டூசியால் குத்தி, வரவு, செலவு, இருப்பு என்று கோடு போட்டார். எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் வரிசையாக நிற்க வைத்தார். சம்பளம் வந்த அன்றைக்கே பணத்தைப் பிரித்து அததற்கு உரிய கவரில் போட்டுவிட வேண்டும். ஒரு கவர்ப் பணத்தை இன்னொரு செலவுக்கு எடுக்கக் கூடாது. இதுவரைக்கும் நல்ல ஏற்பாடுதான். இதோடு நின்றிருந்தால் இன்றைக்கு நான் இதை எழுத வேண்டியதே இல்லை.

அவர் நிற்கவில்லை. ஆபீசில் எப்படியோ அப்படியே வீட்டிலும் நடக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார். கவரில் இருந்து பத்து ரூபாய் எடுத்தால் ஒரு துண்டுச் சீட்டில் எதற்கு என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு உள்ளே வைக்க வேண்டும். கடைக்காரர் கொடுத்த சீட்டையும் அதோடு சேர்த்துக் குத்த வேண்டும். கட்டிய மனைவியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கத்தரிக்காய்க்குக் காசு கொடுத்த ஆள் தருமபுரியிலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

இதையும் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாமல் போனது மாதக் கடைசி. அரசு அலுவலகங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வேலைக்கென்று ஒதுக்கிய பணத்தை மார்ச் மாதக் கடைசிக்குள் செலவழிக்காவிட்டால் அதைத் திருப்பி ஒப்படைத்துவிட வேண்டும். அதற்குச் சரண்டர் என்று பெயர். போன வருஷம் செலவழிக்காமல் விட்டவர்களுக்கு, அவ்வளவு தேவைப்படவில்லை போலிருக்கிறது என்று இந்த வருஷம் குறைத்துக் கொடுப்பார்கள். அதனால் மார்ச் பிறந்துவிட்டால் ஆபீஸ் ஆபீசாக விழுந்து விழுந்து செலவு செய்வார்கள் என்று அவரே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். சிரித்த மனுஷன் அதே சட்டத்தை என் சமையல் கவருக்குப் போட்டார்.

சமையல் கவருக்கு ஒதுக்கியது நூற்றிருபது ரூபாய். பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய், காய்கறி எல்லாம் அதற்குள். முதல் மாதம் கணக்காகச் செலவு செய்து பதினாலு ரூபாய் மிச்சம் பிடித்தேன். மாதக் கடைசி அன்றைக்கு அவர் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்தார். என் பதினாலு ரூபாயை எடுத்துப் பொதுக் கவரில் போட்டார். அடுத்த மாதம் என் கவரில் நூற்றியாறு ரூபாய்தான் இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

“போன மாசம் நூத்தி ஆறுலயே ஓடுச்சில்ல? அப்புறம் எதுக்கு நூத்தி இருவது?” என்றார்.

மிச்சம் பிடித்ததற்குப் பாராட்டு வேண்டாம், தண்டனை கொடுக்காமலாவது இருக்கலாம் இல்லையா? கேட்டால் கோபமே வராமல், நிதானமாக, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி விளக்குவார். அந்த நிதானம்தான் எனக்கு அதிக எரிச்சலைக் கொடுத்தது. சண்டை போடுகிறவரோடு சண்டை போடலாம். விளக்கம் சொல்கிறவரை என்ன செய்ய முடியும்?

நான் மிச்சம் பிடித்தது நகை வாங்கவோ சினிமாவுக்குப் போகவோ இல்லை. அப்போது நான் டைப்ரைட்டிங் ஹையர் படித்துக்கொண்டிருந்தேன். அரூரில் அம்மா வீட்டில் இருந்தபோதே லோயர் பாஸ் செய்தாகிவிட்டது. ஹையரும் கையில் இருந்தால் டைப்பிஸ்ட் வேலைக்குப் போட்டித் தேர்வு எழுதலாம். வருகிற வருஷம் நிறைய இடங்களுக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று இன்ஸ்டிடியூட்டில் பேச்சாக இருந்தது. கல்யாணப் பேச்சின்போதே, பெண் தொடர்ந்து டைப் படிக்கட்டும் என்று இவர்கள் வீட்டில் ஒத்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் பன்னிரண்டில் டைப் என்று ஒரு கவர் இருந்தது. மாதம் பதினைந்து ரூபாய், இன்ஸ்டிடியூட் ஃபீசுக்குச் சரியாகப் போய்விடும். பரீட்சைக்கு மட்டும் தனியாக நாற்பத்தைந்து ரூபாய் கட்ட வேண்டும். அந்த நாற்பத்தைந்துக்குக் கவர் கிடையாது.

இன்ஸ்டிடியூட் கடைவீதியில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. காலை ஆறு மணி பேட்ச் எங்களுடையது. எனக்குப் பக்கத்து மெஷினில் ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண் உட்காருவாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவளுடைய அப்பா அதே கடைவீதியில் தையல் கடை வைத்திருந்தார். விரல் வேகத்தில் அவளும் நானும் ஏறக்குறைய சமம். ஒரு நாள் அவள் முந்துவாள், ஒரு நாள் நான் முந்துவேன். என்னுடைய மெஷினில் இடது சுண்டு விரலால் அடிக்கிற எழுத்து சரியாக விழாது, ஓங்கிக் குத்த வேண்டும். அந்த மெஷினில் அவளுக்குச் சமமாக அடித்தேன் என்பதை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

முதல் மாதத்துப் பதினாலு ரூபாய் போனபோதுகூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொதுக் கவரில்தானே போட்டிருக்கிறார், நம் வீட்டுப் பெட்டியில்தானே இருக்கிறது, பரீட்சை சமயத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவரிடமும் சொல்லி வைத்தேன். இருக்கட்டும், எங்கே ஓடிவிடப் போகிறது என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பி மறுபடியும் மிச்சம் பிடித்தேன். பிப்ரவரியில் ஒன்பது ரூபாய். என் கவர் தொண்ணூற்றேழு ஆனது. மார்ச்சில் பன்னிரண்டு. கவர் எண்பத்தைந்து ஆனது. ஏப்ரலில் சாயங்காலக் காபியை நிறுத்தி, கொல்லையில் தானாக முளைத்த கீரையைப் பறித்து, வாரத்தில் மூன்று நாள் வெறும் புளித் தண்ணீர் ரசம் வைத்து, இன்னொரு பன்னிரண்டு. எல்லாம் சேர்த்து நாற்பத்தேழு ரூபாய். பரீட்சைக்கு வேண்டியதைவிட இரண்டு ரூபாய் அதிகம். அன்றைக்கு ராத்திரி எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

என் அம்மா அரூரில் காலம் முழுவதும் பருப்பு டப்பாவுக்குள் காசு ஒளித்து வைத்துத்தான் குடும்பம் நடத்தினாள். அப்பாவுக்கு ஒரு கணக்கு, டப்பாவுக்கு ஒரு கணக்கு. நானும் அப்படிச் செய்திருக்கலாம். கீரைக்காரி சீட்டா கொடுக்கப் போகிறாள்? நாலணாக் கீரையை எட்டணா என்று எழுதினால் யாருக்குத் தெரியும்? ஆனால் நான் படித்த பெண் இல்லையா, எனக்குத் திருட்டுக் கணக்கு எழுதுவது கேவலமாகப்பட்டது. புருஷனிடம் நேராகக் கணக்குக் காட்டி நேராக வாங்க வேண்டும் என்று ஒரு திமிர். அம்மா என்னைவிடப் புத்திசாலி என்று புரிய எனக்கு நாலு மாதம் ஆனது.

மே மாதம் நல்லம்பள்ளியில் அவருடைய பெரியப்பா பேரனுக்குக் காது குத்து. எல்லாக் கவருக்கும் சட்டம் உண்டு, மொய்க் கவருக்கு மட்டும் எந்தச் சட்டமும் கிடையாது. அதில் மிச்சம் இருந்தால் சரண்டர் இல்லை, பற்றாமல் போனால் பொதுவில் இருந்து தாராளமாக எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். எங்கள் கல்யாணத்துக்கு அந்தப் பெரியப்பா எழுதிய மொய்யைவிடக் கூட்டி எழுத வேண்டும், இல்லாவிட்டால் சொந்தக்காரர்கள் மத்தியில் தலை நிமிர்த்த முடியாது என்று, மொய்க் கவரில் பற்றாததைப் பொதுவில் இருந்து எடுத்து ஐம்பத்தொரு ரூபாய் எழுதினார். பந்தலில் மொய் எழுதுகிறவர் அவர் பெயரையும் தொகையையும் உரக்கப் படித்தபோது நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். என் நாலு மாதத்து ரசம் முழுவதும் மைக்கில் போனது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். மொய் கட்டாயச் செலவு, பரீட்சை அடுத்தபடிதான் என்றார். பொதுவில் போட்ட பிறகு அது உன் மிச்சம், என் மிச்சம் என்று இல்லை, பொது என்றால் பொதுதான் என்றும் சொன்னார். நான் அன்றோடு மிச்சம் பிடிப்பதை விட்டேன்.

அந்த மாதம் சமையல் கவரில் இருந்தது எழுபத்து மூன்று ரூபாய். இருபதாம் தேதியே காலி. கூடுதலாக வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன், நாற்பது ரூபாய் போட்டார். மாதக் கடைசி அன்றைக்குப் பார்த்தால் பதினோரு ரூபாய் மீதி நின்றது. விடுவேனா? பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், இருந்த காசுக்கு எல்லாம் புளி வாங்கிப் போட்டுவிட்டு வந்தேன். வீட்டில் ஏற்கெனவே புளி இருந்தது. சாயங்காலம் அவர் கவரைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், இருப்பு பூஜ்யம் என்று எழுதினார்.

“இந்த மாசந்தான் உன் கணக்கு கரெக்டா இருக்குது” என்று மெச்சினார்.

சிக்கனமாக இருந்த நாலு மாதமும் நான் கணக்குத் தெரியாதவள். தேவையில்லாத புளியை வாங்கி அடுக்கிய மாதம் நல்ல குடும்பப் பெண். எங்கே போய் முட்டிக்கொள்வது?

அவரை ஒரேயடியாகக் குறை சொல்வதும் நியாயம் இல்லை. அவருடைய அப்பா நிலக்கடலை விதைப்புக்கு ஒவ்வொரு வருஷமும் கடன் வாங்கியவர். ஒரு வருஷம் மழை ஏமாற்றியதும், கடன் கொடுத்தவர் வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஊர் பார்க்க மாட்டைப் பிடித்துக்கொண்டு போனாராம். அதைச் சின்ன வயதில் பார்த்த இவருக்கு, பெட்டியில் கவர்கள் வரிசையாக நின்றால்தான் தூக்கம் வரும். மாதக் கடைசியில் பொதுக் கவர் கொஞ்சம் தடிமனாக இருந்தால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அதைப் பார்த்தால் எனக்கும் பாவமாக இருக்கும். மறுநாள் காலையில் துவரம் பருப்புக்குச் சீட்டு எங்கே என்று கேட்பார். இருந்த பாவமெல்லாம் பறந்துவிடும்.

ஜூன் மாதம் இன்ஸ்டிடியூட்டில் ஃபாரம் கொடுத்தார்கள். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் பணம் கட்ட வேண்டும். ஃபாரங்களையும் பணத்தையும் சேர்த்துக் கட்டாகக் கட்டி அன்று மாலை பஸ்ஸிலேயே சேலத்துக்குக் கொண்டுபோய்விடுவேன், ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்க மாட்டேன் என்று மாஸ்டர் எல்லோரிடமும் சொன்னார். வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டேன்.

“புது ஐட்டமா இருக்குதே. எழுதிக் குடு, பாக்கலாம்” என்றார்.

எழுதினேன். ஐயா என்று ஆரம்பிப்பதா, அத்தான் என்று ஆரம்பிப்பதா என்று சிறிது நேரம் யோசித்து, இரண்டும் இல்லாமல் விஷயத்தை மட்டும் எழுதினேன். பரீட்சை ஃபீஸ் நாற்பத்தைந்து ரூபாய் வேண்டும், கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்று எழுதி, வெள்ளிக்கிழமைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மூன்று நாள் கழித்து அது என்னிடமே திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ‘எந்தக் கவரில் இருந்து?’ என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, ‘நான் நாலு மாதம் மிச்சம் பிடித்துக் கொடுத்த நாற்பத்தேழு ரூபாயில் இருந்து’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்தார். முடிவாகாத விஷயங்களுக்கென்று பதின்மூன்றாவதாக ஒரு கவர் போட்டிருந்தார், பெண்டிங் என்று. அதில் வைத்தார். பெண்டிங் கவரைச் சனிக்கிழமைதான் திறப்பார்.

செவ்வாய்க்கிழமை ஞாபகப்படுத்தினேன். எழுத்தில் கொடுத்திருக்கிறாய் அல்லவா, பார்த்துக்கொள்ளலாம் என்றார். வியாழக்கிழமை சாப்பாடு போடும்போது சொன்னேன். ஆபீசில் தணிக்கைக்கு ஆள் வந்திருக்கிறார்கள், தலைக்கு மேல் வேலை என்றார். அன்று காலை பக்கத்து மெஷின் பெண் பணம் கட்டிவிட்டாள். அவளுடைய அப்பா தையல் மெஷின் டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தாராம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் கட்டிவிடுகிறேன் அக்கா, அப்புறம் கொடுங்கள் என்றாள். வேண்டாம், இன்றைக்கு வந்துவிடும் என்று சொன்னேன். கடன் என்றால் இவருக்கு ஆகாது என்பது ஒரு காரணம். அந்தப் பெட்டியில் இருந்துதான் எனக்கு வர வேண்டும் என்று நான் பிடித்த பிடிவாதம் இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரிய காரணம்.

வெள்ளிக்கிழமை காலை அவர் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

“இன்னிக்குத்தாங்க கடைசி நாளு. அஞ்சு மணிக்குள்ள கட்டணும்.”

“ம்” என்றார்.

அந்த ‘ம்’ எனக்குச் சொன்னதா, பம்பை அழுத்தியபோது தானாக வந்ததா என்று தெரியவில்லை. சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

மத்தியானம் தகரப் பெட்டியைத் திறந்தேன். அதற்குப் பூட்டுக்கூடக் கிடையாது. பொதுக் கவரை எடுத்து எண்ணினேன். அறுபத்திரண்டு ரூபாய் இருந்தது. திருப்பி வைத்தேன். மூன்று மணிக்கு மறுபடி எடுத்தேன், எண்ணினேன், வைத்தேன். நான் எடுத்துக்கொண்டு போய்க் கட்டியிருந்தால் அவர் அடித்திருக்க மாட்டார், திட்டியிருக்கவும் மாட்டார். விளக்கம் சொல்லியிருப்பார், அவ்வளவுதான். ஆனால் நான் கேட்டேன், எழுதினேன், கேள்வி கேட்டார், பதிலும் கொடுத்தேன், இவ்வளவுக்குப் பிறகு திருடி மாதிரி ஏன் எடுக்க வேண்டும்? அவர் மத்தியானம் வேலைக்கு நடுவில் ஐந்து நிமிஷம் வந்து கொடுத்துவிட்டுப் போவார் என்று ஒரு பக்கம் நம்பினேன். நாலரை மணிக்குப் புடவை மாற்றித் தயாராக வாசலில் நின்றேன். ஐந்து அடித்தது. ஐந்தரை ஆனதும் உள்ளே வந்து புடவையை அவிழ்த்து மடித்து வைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அவர் மேல் வருகிற கோபத்தைவிட, எட்டு அடி தூரத்தில் இருந்த பெட்டியைத் தொடாமல் வாசலில் போய் நின்ற அந்தப் பெண் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

தணிக்கை முடிந்து அவர் நேரம் கழித்துத்தான் வந்தார். சாப்பிட்டதும் படுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை முகச்சவரம் செய்து, குளித்து, நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு பெண்டிங் கவரைத் திறந்தார். என் தாளை எடுத்து முழுவதும் ஒரு தடவை படித்தார். ‘அனுமதிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பொதுக் கவரில் இருந்து நாற்பத்தைந்து ரூபாயை எண்ணி, மேலே இரண்டு ரூபாய் வைத்துக் கொடுத்தார்.

“ரெண்டு ரூவா கூட வெச்சிருக்கறேன், செலவுக்கு. நல்லா எழுது” என்றார்.

நிஜமான சந்தோஷத்தோடுதான் கொடுத்தார். நான் மிச்சம் பிடித்த நாற்பத்தேழையும் கணக்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பது எனக்கு அப்போதே புரிந்தது. அழுவதா, அந்தத் தகரப் பெட்டியைத் தூக்கித் தெருவில் வீசுவதா என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டு, அன்று காலை பேட்சுக்குப் போகாமல் விட்ட இன்ஸ்டிடியூட்டுக்கு ஓடினேன். மாஸ்டர் சொன்னபடியே கட்டை நேற்று மாலை பஸ்ஸில் கொண்டுபோய்விட்டார். இனிமேல் ஆறு மாதம் கழித்துத்தான், ஒரு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா அம்மா என்றார். பரீட்சைக்காகக் கூடுதல் நேரம் உட்கார்ந்திருந்த பக்கத்து மெஷின் பெண் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு எதிரில் அழக் கூடாது என்று மாடிப்படி இறங்கும்வரை அடக்கிக்கொண்டேன்.

அன்றைக்கே மாதக் கடைசி. சாயங்காலம் அவர் சம்பளத்தோடு வந்து பெட்டியைத் திறந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு கவராக முடித்துக்கொண்டு வந்தவர், பரீட்சைப் பணத்துக்கு ரசீது எங்கே என்றார்.

“கட்டலீங்க. நேத்தே முடிஞ்சிடுச்சி” என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தார். முகம் வாடித்தான் போனது, அதை மறைக்கக் கூடாது. பிறகு சமாதானம் சொன்னார்.

“சரி வுடு, ஆறு மாசந்தானே. அடுத்த தடவ எழுதிக்கலாம். செலவாகலன்னா அத சரண்டர் பண்ணிடு.”

உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தேன். அந்த இரண்டு ரூபாயையும் சேர்த்துத்தான் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துப் பொதுக் கவரில் போட்டு, வரவு எழுதினார். ஜூலை மாதம் டைப் கவர் காலியாக நின்றது. பரீட்சையே இல்லாதபோது மாசா மாசம் எதற்குப் பதினைந்து ரூபாய், பரீட்சைக்கு முன்னால் இரண்டு மாதம் போனால் போதாதா என்று கேட்டார். அவர் கணக்குப்படி அதுவும் சரிதான். எனக்கும் அந்த மாடிப்படி ஏறி அவள் பக்கத்தில் உட்கார மனசு இல்லை. போவதை நிறுத்திவிட்டேன்.

அடுத்த பரீட்சை வந்தபோது எனக்கு எட்டு மாதம். வளைகாப்பு முடிந்து அரூரில் அம்மா வீட்டில் இருந்தேன். அதற்கு அடுத்த தடவை கைக்குழந்தை. அதற்கு அடுத்த தடவை கேட்க எனக்கே ஞாபகம் இல்லை. பக்கத்து மெஷின் பெண் அந்த முதல் தடவையிலேயே ஹையர் பாஸ் செய்தாள், போட்டித் தேர்வும் எழுதினாள், டைப்பிஸ்ட் ஆனாள். சில வருஷம் கழித்து ரேஷன் கார்டில் குழந்தை பெயர் சேர்க்கப் போன ஆபீசில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சி, என் வேலையைப் பத்து நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தாள். நல்ல பெண். அவள் விரல்கள் அப்போது என்னைவிட வேகமாக ஓடின.

கவர்கள் அப்புறமும் பல வருஷம் இருந்தன. நாங்கள் யாரிடமும் ஒரு பைசா கடன் வாங்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் அதைப் பெருமையாகச் சொல்வார். அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு பொங்கலுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ஏதோ தவணை கட்ட முடியவில்லை என்று சொல்ல, இவர் கவர்க் கதையை ஆரம்பித்தார். பசை காய்ச்சியதில் இருந்து சொன்னார். இருநூறு தடவை கேட்ட கதை. அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ, அவர் முடித்ததும் நான் நாற்பத்தைந்து ரூபாய்க் கதையைச் சொன்னேன். அவ்வளவு வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. ரசத்தில் இருந்து சரண்டர் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் வேறு யார் வீட்டுக் கதையையோ கேட்கிற மாதிரி கவனமாகக் கேட்டார். அவருக்கு வருத்தமாக இருந்தது, எனக்கு அது தெரிந்தது.

“அப்படியா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பனே” என்றார்.

“எழுதியே குடுத்தனுங்க” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.